ஆற்றில் அலசிய பதினொரு மாதங்கள்

சுரங்கத்துக்குப் போகும் சாலையில் எங்கள் அக்-தெரெக் ஊரைக் கடக்கிற எவரும் ஜோல்தோஷ் வீட்டு வேலியைப் பாராமல் கடக்க முடியாது. சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் கடந்தார். மாவட்ட அதிகாரி கடந்தார். தண்ணீரைச் சோதிக்க வந்தவர்கள், சோதித்துவிட்டதாகக் கையெழுத்திட வந்தவர்கள், கையெழுத்திட்ட களைப்புத் தீர ஆட்டிறைச்சி தின்னப் போனவர்கள், அத்தனை பேரும் கடந்தார்கள். அந்த வேலியில் பதினொரு கம்பளங்கள் தொங்கின. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு ரோம நூலால் ஒரு மாதத்தின் பெயர் தைத்திருந்தது. நவம்பர் கம்பளம் நனைந்த வைக்கோலின் நிறம். டிசம்பர் துரு. மார்ச்சில் அந்தத் துருவின் ஓரத்தில் செம்புப் பாத்திரத்துக் களிம்புபோல ஒரு பச்சை படர்ந்திருந்தது. செப்டம்பர் கம்பளத்தின் நிறத்துக்கு எங்கள் மொழியில் பெயர் கிடையாது. அறுத்த ஆட்டின் ஈரலை வெயிலில் மறந்துவிட்டு மூன்றாம் நாள் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

இதைக் கலை என்று பாத்மாகான் தொடங்கவில்லை. ஜோல்தோஷின் மனைவியான அவள், போன நவம்பரில் தன் மகளின் திருமணத்துக்காக ஒரு வெள்ளைக் கம்பளம் செய்தாள். மணப்பெண் புகுந்த வீட்டில் முதன்முதலாக உட்காரும் கம்பளம் பால்போல் வெளுத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெய்வதில்லை நாங்கள், மிதித்துச் செய்கிறோம். வெள்ளைச் செம்மறியின் ரோமத்தைத் தோலின்மேல் கொட்டி, இரண்டு கையிலும் கழி பிடித்து, அது மேகமாய்ப் பொங்குகிறவரை அடிக்க வேண்டும். பொங்கியதை நாணல் பாயின்மேல் பரப்பி, கொதிநீர் தெளித்து, பாயோடு சுருட்டிக் கட்டி, முன்னால் ஒருத்தி கயிற்றைப் பிடித்து இழுக்க, பின்னால் ஐந்து பேர் உதைத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு பிரித்து, தண்ணீர் ஊற்றி ஊற்றி வெறுங்காலால் மிதிக்க வேண்டும். பிறகு மீண்டும் சுருட்டல், மீண்டும் உதைத்தல், கடைசியாக ஆற்றில் அலசல். விடியலில் தொடங்கினால் வேலை முடியும்போது வெயில் மலைக்கு அந்தப்பக்கம் போயிருக்கும். பெண்களுக்கு இடுப்பு இருக்காது; ஆனால் பாட்டு இருக்கும், பால் விட்ட தேநீர் இருக்கும், சுடச்சுடப் பொரித்த மாவுருண்டை இருக்கும், இல்லாத பெண்களைப் பற்றிய பேச்சு நிறைய இருக்கும்.

அன்று எல்லாம் இருந்தன. ஆற்றிலிருந்து எடுத்தபோது கம்பளம் மட்டும் வெள்ளையாக இல்லை.

மேலே கணவாயில் சுரங்கத்தின் கழிவுக் குட்டையின் கரை விரிசல் விட்டு, கழிவு ஆற்றில் கசிந்துகொண்டிருந்தது. அது ஊருக்கே தெரியும். ஊருக்கே தெரிந்ததை ஊரில் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நாற்பத்தொரு வீடுகளில் சுரங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் அளவுக்குட்பட்டு இருக்கிறது என்று நிறுவனம் கடிதம் அனுப்பியது. எதன் அளவு, யாருடைய அளவு, எத்தனை ஆட்டுக்குட்டி செத்துப் பிறந்தால் அளவு மீறும் என்று கடிதத்தில் இல்லை. பாத்மாகான் கறைபட்ட கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டு ஊர்த்தலைவரிடம் போனாள். ரோமம் சரியில்லை என்றார் அவர்.

சரி என்று திரும்பிவந்தவள், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ரோமம் வரவழைத்து டிசம்பரில் இன்னொன்று செய்தாள். அதுவும் கறைபட்டது. சோப்பு சரியில்லை என்றார் தலைவர். ஜனவரியில் அதே ரோமம், அதே சோப்பு, ஆற்றுத் தண்ணீருக்குப் பதில் மலைப்பனியை அண்டாவில் உருக்கிச் செய்தாள். அது மகளின் பல்லைப்போல வெளுத்து வந்தது. பிப்ரவரியில் மறுபடி ஆறு; மறுபடி கறை. அண்டாவில் துரு இருக்கும் என்றார் தலைவர். மார்ச்சில் புதுப் பாத்திரம். ஒவ்வொரு பொய்க்கும் ஒரு கம்பளம் செய்தாள் அந்தப் பெண். ஒரு கம்பளத்துக்கு ஒரு நாள் உழைப்பு. ஒரு பொய்க்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். செய்து முடித்ததையெல்லாம் சாலையைப் பார்த்த வேலியில் மாட்டினாள். ஒரு கோடுகூட அவள் வரையவில்லை. வரைந்ததெல்லாம் ஆறு.

கோடையில் தலைநகரிலிருந்து ஒரு புகைப்படக்காரன் வந்து வேலியைப் படமெடுத்துப் போனான். படம் எங்கெங்கோ போயிற்று. சூழலியல் கலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பக்கத்து வீட்டு நூர்ஜமால் தன் கைபேசியில் அதைப் படித்துக் காட்டியபோது பாத்மாகான் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள். "கலையா? அழுக்குக்கா அக்கா இந்தப் பேரு?" என்று கேட்டாளாம்.

பதினைந்து நாள் சுரங்கத்திலும் பதினைந்து நாள் வீட்டிலுமாக வாழ்கிறவன் ஜோல்தோஷ். பதினாறு ஆண்டுகளாகக் கனிமம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அக்டோபர் முதல் வாரம் வேலை முடிந்து வீடு வந்தவன், பையைக்கூட இறக்காமல் வேலியருகே வெகுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் இறைச்சிக் குழம்பில் போட்ட மாவு நூலையும் ரொட்டியையும் வைத்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரமாகக் குவித்தான், வாயில் வைக்கவில்லை.

"போக்குவரத்துத் தலைவர் கூப்பிட்டாரு," என்றான்.

"எதுக்காம்?"

"டிசம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கறாங்க. பட்டியல்ல என் பேரு இருக்கணும்னா வேலியில இதெல்லாம் இருக்கக் கூடாது."

"அப்படியே வாயத் தொறந்து சொன்னாரா?"

"அவரு எங்க சொல்வாரு. 'உங்க வீட்டு வேலி நல்ல எடத்துல இருக்கு ஜோல்தோஷ், பெயின்ட் அடிச்சு வெச்சா அழகா இருக்கும்'னாரு."

"அடிக்கலாமே. என்ன நிறம் வேணுமாம், செப்டம்பர் நிறமா?"

"வெளையாடாத பாத்மா. பதினாறு வருஷம் அந்த சீட்டுல உக்காந்திருக்கேன். எனக்கு வேற என்ன தெரியும்? ஆடு மேய்க்கவா போகட்டும்? வசந்தத்துல எத்தன குட்டி செத்துப் பொறந்துச்சு, நீதான எண்ணுன?"

"எண்ணுனேன். எதனால செத்துச்சுன்னு நீங்க சொல்லுங்க."

குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாய் உறைந்துகொண்டிருந்தது.

"சொல்ல மாட்டேன்," என்றான் கடைசியில். "சொன்னா நாளைக்கு அந்த லாரியில ஏற முடியாது. தெரியாதவனா இருந்தாத்தான் ஓட்ட முடியும். நீ உன் காலப் பாத்தியா? வெடிச்சுக் கெடக்கு. அதையும் நான் பாக்காத மாதிரிதான் படுக்கறேன்."

அவள் கால்களைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். கணுக்காலுக்குக் கீழே தோல் காய்ந்த சேறுபோல் பிளந்து, பிளவுகளில் சிவப்புத் தெரிந்தது. ஊரில் கம்பளம் மிதித்த ஆறு பெண்களுக்கும் அப்படித்தான். ஆட்டுக் கொழுப்பைத் தடவிக்கொண்டு, வயதானால் வருகிறதுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது இருபத்தெட்டு.

மூன்றாம் நாள் மீரிம் வந்தாள். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண், நல்ல பெண். நல்ல பெண்களை அனுப்புவதுதான் அவர்களுடைய சாமர்த்தியம். கையில் சர்க்கரைக் கட்டியும் தேயிலையும் கொண்டுவந்து, வாசலில் செருப்பை முறைப்படி கழற்றி, ரொட்டியை முதலில் பிட்டு வாயில் வைத்துவிட்டு, பிறகுதான் பேசினாள். கம்பளங்கள் தன்னை அழவைத்துவிட்டன என்றாள். பதினொன்றையும் நிறுவனமே வாங்கிக்கொள்ளும், கேட்ட விலை தரும் என்றாள்.

"தலைமை அலுவலகத்துல, உள்ள நொழஞ்சதும் பெரிய கூடம் இருக்குக்கா. அங்க மாட்டப் போறோம். கீழ உங்க பேரு பித்தளையில இருக்கும்."

"பேருக்கு மேல என்ன எழுதுவீங்க?"

"'இயற்கையின் நிறங்கள்'னு தலைப்பு யோசிச்சிருக்கோம்."

நூர்ஜமால் அடுப்படியில் இருந்து தலையை நீட்டினாள். "இயற்கைக்கு உங்க சுரங்கத்துல எத்தன மணிக்கு ஷிப்ட், கண்ணு?"

மீரிமின் காது சிவந்தது. இது ஒரு கலைப்படைப்பு என்றும், கலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கலாம் என்றும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

கேளுங்கள். இதுதான் சூழ்ச்சி. பத்து மாதம் அதை அழுக்கு என்றவர்கள், பதினோராம் மாதம் கலை என்றார்கள். அழுக்கு என்று சொல்லி அதை அகற்ற முடியவில்லை. ஆகவே கலை என்று சொல்லி அகற்றப் பார்த்தார்கள். சாட்சி என்றால் பதில் சொல்ல வேண்டும். கலை என்றால் கைதட்டினால் போதும். குற்றவாளியே சாட்சியத்தை விலைக்கு வாங்கித் தன் வரவேற்பறையில் மாட்டி, அதன் கீழே நின்று விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்கிற காலம் இது. அந்தக் கூடத்தில் நிற்கிறவர்கள் செப்டம்பர் கம்பளத்தைப் பார்த்து, என்ன ஆழமான நிறம் என்பார்கள். அந்த நிறத்தில் நின்ற கால்களை எவரும் கேட்கமாட்டார்கள்.

பாத்மாகானும் இதை அறியாதவள் அல்லள். ஆனால் அவள் நிமிர்ந்தபோது கதவோரம் ஜோல்தோஷ் நின்றிருந்தான். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவன் தந்தை இறந்த அன்றுகூட அவள் அவனை அந்த முகத்தோடு கண்டதில்லை. அவள் தோற்றாள். ஊர் தோற்கவைத்தது, நாற்பத்தொரு வீடும் தோற்கவைத்தோம். அவள் கணவன்மேல் மட்டும் பழியைப் போடுவது கோழைத்தனம்.

"எடுத்துக்கங்க," என்றாள். "ஆனா மொறைப்படி எடுத்துக்கணும். எடுத்துட்டுப் போறவங்க வந்து அடுத்த கம்பளத்த மிதிச்சுக் குடுத்துட்டுப் போகணும். மிதிக்காம எடுத்தா அது திருடுன கம்பளம்."

இது சூதல்ல, எங்கள் வழக்கம். மிதிக்காமல் கொண்டுபோன கம்பளம் விரித்த வீட்டில் விருந்தாளி தங்கமாட்டான் என்பார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ஆறு ஜோடிக் கால்கள் போதாத வேலைக்கு ஏழாவது ஜோடியை இழுத்துவருகிற எந்த வழக்கத்தையும் நான் பழிக்கமாட்டேன். மீரிம் மகிழ்ந்து போனாள். இயக்குநரே வந்து மிதிப்பார், படமெடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காற்று கணவாயிலிருந்து நேராக இறங்கியது. நெட்டை மரங்களின் மஞ்சள் இலைகள் முற்றமெங்கும் பறந்து, அடித்து வைத்த ரோமத்தில் ஒட்டிக்கொண்டன. நூர்ஜமால் திட்டிக்கொண்டே பொறுக்கினாள். பெண்கள் விடியலிலேயே வந்து, முதல் சுருட்டலும் உதைப்பும் முடித்துப் பாயைப் பிரித்துவிட்டார்கள். ரோமம் பாதிக் கம்பளமாய் இறுகி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அண்டாவில் ஆற்றுத் தண்ணீர் சூடேறியது. ஜோல்தோஷுக்கு நிறுவனம் ஒரு சிறிய லாரி கொடுத்து, கம்பளங்களை நீயே ஏற்று என்று உத்தரவிட்டிருந்தது. அதிலும் ஒரு நுட்பம் இருந்ததை யாரும் கவனிக்காமல் இல்லை. நவம்பரிலிருந்து வரிசையாக அவன் கழற்றி ஏற்றினான். நான்கு ஏறியிருந்தபோது கார்கள் வந்தன.

இயக்குநர் தலையில் ஊர்த்தலைவர் அன்று காலை சூட்டிய புது வெள்ளைத் தொப்பி இருந்தது. ஊர்த்தலைவர், போக்குவரத்துத் தலைவர், மீரிம், படக்கருவிக்காரன், மஞ்சள் மேலங்கி போட்ட பாதுகாப்பு அலுவலர் சபார் என்று ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். இயக்குநர் பெண்களின் கைத்திறனைப் பற்றியும் மண்ணின் மரபைப் பற்றியும் பேசினார். நன்றாகவே பேசினார். பாத்மாகான் பாயின் ஒரு முனையில் வெறுங்காலோடு நின்றாள். மற்ற ஐந்து பேரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரக் கம்பளத்தின்மேல் ஏறினார்கள். நூர்ஜமால் செம்பால் தண்ணீர் மொண்டு ஊற்ற, அது அவர்கள் விரல்களுக்கிடையே இளமஞ்சளாய்ப் பொங்கியது.

மீரிம் முதலில் கழற்றினாள், ஒரு காலின் செருப்பையும் காலுறையையும். எங்கள் இனத்துப் பெண்தானே. கால் தானாகவே முன்னால் போயிற்று. இயக்குநரும் சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். படக்கருவி ஓடிக்கொண்டிருந்தது.

சபார் கெட்டவன் அல்லன். தலைக்கவசம் போடாதவனைக் கண்டால் கத்துவதும், வழுக்குகிற படியைக் கண்டால் கை நீட்டுவதும் அவன் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் அவன் பாய்ந்து இயக்குநரின் தோளைப் பிடித்தான்.

"வேணாம் ஐயா. கால் வைக்காதீங்க, ஆத்துத் தண்ணி."

ஐந்து பெண்களும் மிதிப்பதை நிறுத்தினார்கள். சொன்னது என்ன என்று சபாருக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் தோளிலிருந்து எடுத்தான், எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தம்பி," என்றாள் நூர்ஜமால், செம்பைக் கீழே வைக்காமல். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு. இங்க நிக்கற பொம்பளைகளுக்கு ஒரு வருஷமாக் காது கேக்கல."

இயக்குநர் நாடாவை மறுபடி கட்டிக்கொண்டே சிரிக்கப் பார்த்தார். சபார் எப்போதும் இப்படித்தான், மாடிப்படி ஏறினாலும் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்வான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. மீரிம் ஒரு காலில் செருப்போடும் மறுகால் வெறுங்காலோடும் நின்றாள். அவள் பார்வை பாத்மாகானின் பாதங்களில் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஜோல்தோஷ் லாரியிலிருந்து இறங்கி வந்தான். கையில் மார்ச் கம்பளம் இருந்தது.

"உனக்கு யாரு சொன்னா சபார்?"

"உத்தரவு இருக்கு அண்ணே." குரல் தரையைப் பார்த்து வந்தது. "ஊழியர் யாரும் ஆத்துத் தண்ணி உடம்புல படற மாதிரி நடந்துக்கக் கூடாதுன்னு."

"நானும் ஊழியன்தான்."

"அதிகாரிங்களுக்கு மட்டும் அனுப்புனாங்க. டிரைவருங்களுக்கு அனுப்பச் சொல்லல."

"எப்போ வந்துச்சு?"

"போன நவம்பர்ல."

ஜோல்தோஷ் கையிலிருந்த கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு அவன் பேசியது உரத்த குரலில் அல்ல. அதனால்தான் வேலிக்கு வெளியே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என் பொண்டாட்டி பதினொரு மாசமா அந்தத் தண்ணியில நிக்கறா. வாரத்துல நாலு தடவ நீ இந்த வழியாப் போற. கார் கண்ணாடிய எறக்கி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சபார்."

இயக்குநரிடம் பதிலுக்குக் கார் இருந்தது. மேலாடையில் தெறித்த ஒரு சொட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, அந்தக் கைக்குட்டையை அந்த முற்றத்திலேயே போட்டுவிட்டு ஏறினார். அளவுக்குட்பட்ட தண்ணீரின் ஒரு சொட்டு! பதினொரு கம்பளம் சொல்லியும் நம்பாதவர்களை நம்பவைக்க அந்தக் கைக்குட்டை ஒன்றே போதும். ஊர்த்தலைவர் வெயிலே இல்லாத வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

போக்குவரத்துத் தலைவர் மட்டும் நின்றார். "ஜோல்தோஷ், ஏத்துனத எடுத்துக்கிட்டுக் கெளம்பு. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

ஜோல்தோஷ் லாரிக்குப் போனான். ஏற்றியிருந்த நான்கையும் இறக்கினான். நவம்பரை முதலில் மாட்டினான். சுருக்கம் எடுத்து, மூலையை இழுத்து, மாதத்தின் பெயர் சாலைக்குத் தெரிகிறதா என்று பார்த்து மாட்டினான். மார்ச்சோடு சேர்த்து ஐந்தும் பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் திரும்பினான்.

"சாவி வண்டியிலயே இருக்கு," என்றான்.

போக்குவரத்துத் தலைவரே லாரியை ஓட்டிப் போக, புழுதி அடங்கியது. பெண்கள் பாயைச் சுற்றி நின்றார்கள். பாத்மாகான் அண்டாவைக் கவிழ்த்தாள். தண்ணீர் கற்களுக்கிடையே ஓடிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. பாதியில் விட்ட கம்பளத்தை என்ன செய்வது என்று இளையவள் கேட்டாள். பாதியில் விடுவது எங்களுக்கு இழுக்கு. பிண வீட்டில் அடுப்பை அணைக்காமல் விடுவதைப் போல. ஆனால் பாதி இறுகிய கம்பளத்துக்கு ஒரு குணம் உண்டு. சாய ரோமத்தை அதன்மேல் எந்த வடிவில் வைத்து மிதித்தாலும் அது வேரோடு உள்ளே இறங்கிவிடும்; பிறகு அறுத்தாலன்றிப் பிரியாது. பூவும் ஆட்டுக்கொம்பும் நாங்கள் அப்படித்தான் பதிக்கிறோம்.

பாத்மாகான் உள்ளே போய்க் கறுப்பு ரோம மூட்டையைக் கொண்டுவந்தாள்.

ஜோல்தோஷ் நூர்ஜமாலின் பழைய காரில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு, மலைக்கு அந்தப்பக்கத்து ஊற்றில் தண்ணீர் பிடித்துவரப் போனான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவன் திரும்பியபோது பாத்மாகான் முழங்காலிட்டு, ரோமத்தைத் திரித்துத் திரித்து எழுத்தாக வைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் கம்பளத்தில் மாதத்தின் பெயர் இல்லை. பாதுகாப்பு அலுவலரின் வாக்கியம் இருந்தது, அவன் சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்: கால் வைக்காதீங்க, ஆத்துத் தண்ணி.

அவன் கேன்களை இறக்கிவைத்தான். சாலைக்கு நடந்து, லாரிகள் வரும் பக்கம் ஐம்பது அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தான். பாயை இரண்டு பெண்கள் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார்கள்.

"எழுத்து சின்னதா இருக்கு," என்று அங்கிருந்தே சொன்னான். "ஏத்தத்துல வர்றவன் மெதுவா வருவான், படிச்சிருவான். சுமையோட எறங்கறவனுக்கு ஒரு மூச்சு நேரந்தான்."

பாத்மாகான் வைத்ததையெல்லாம் பிய்த்தெடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் சாண் நீளத்துக்கு வைத்தாள். மறுபடி தூக்கிப் பிடித்தார்கள்.

"இப்போ?"

பதினாறு ஆண்டு அந்தச் சாலையில் ஓட்டியவன் கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"இன்னும் பெரிசா," என்றான்.